சாட்சி இல்லாமல் சிகரம் இல்லை



இங்கிலாந்தின் வடமேற்கில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைநாடு இருக்கிறது. அதன் வடபகுதியில் கெஸ்விக் என்று ஒரு சிறிய சந்தை ஊர். கடைத்தெருவின் நடுவில், 1813-இல் கட்டப்பட்ட மூட் ஹால் என்ற மண்டபம். கோடைக்காலத்தில் அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நள்ளிரவாக இருக்கும், அல்லது மாலை ஏழு மணியாக இருக்கும். அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் மண்டபத்து வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். நேரம் வந்ததும் ஒரு சந்துக்குள் புகுந்து ஓடி மறைந்துவிடுவார். 42 மலையுச்சிகளுக்குப் போய்விட்டு, 24 மணி நேரத்துக்குள் அவர் அதே வாசலுக்குத் திரும்பி வர வேண்டும். இதற்குப் பெயர் பாப் கிரகாம் சுற்று.

நுழைவுக் கட்டணம் கிடையாது. சட்டையில் குத்திக்கொள்ள எண் அட்டை கிடையாது. வழி காட்டும் அம்புக்குறியோ கொடியோ கிடையாது. பக்கத்தில் ஓடும் எதிராளி கிடையாது. பரிசுத் தொகை என்ற பேச்சே இல்லை. முடித்தவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். ஒரு மன்றத்தில் உறுப்பினராகச் சேரலாம். அவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வோர் உச்சியிலும் ஓடுபவரோடு இன்னொருவர் நின்றிருக்க வேண்டும். இவர் இங்கே வந்தார், இத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதித் தர வேண்டும். சாட்சி இல்லாத சிகரம் கணக்கில் சேராது.

மலையில் தன்னந்தனியாக ஒருவர் செய்யும் சாகசம் என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் நினைக்கும் இந்த ஓட்டம், உள்ளே போய்ப் பார்த்தால் பலர் கூடிச் செய்யும் காரியமாக இருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். தூரம் சுமார் 66 மைல், அதாவது 106 கிலோமீட்டர். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 8,200 மீட்டர். ஏறியதையெல்லாம் இறங்கவும் வேண்டும். இத்தனைக்கும் இந்த மலைகளில் மிக உயர்ந்த ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தான். இங்கிலாந்திலேயே அதைவிட உயரமான இடம் கிடையாது. ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதில் பாதி உயரம்கூட இல்லாத குன்றுகளுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கத் தோன்றும்.

உயரத்தை வைத்து இந்த மலைகளை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். இவை அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதும் மலைகளில் சேர்ந்தவை. கெஸ்விக்கில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் மேகம் இறங்கி, பத்தடி தள்ளி நிற்பவரை மறைத்துவிடும். மரங்கள் இல்லாத வழுக்குப் புல், காலை இழுக்கும் சேறு, உருளும் கல்சரிவு, மழையில் நனைந்த பாறை என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். பாதை பல இடங்களில் இருக்கிறது. பல இடங்களில் இல்லை. ஜூன் மாதத்தை இதற்குத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் வெப்பம் மட்டுமல்ல. அந்த அட்சரேகையில் ஜூன் பாதியில் இரவு மிகவும் குறுகிவிடும். இருட்டில் வழி தேட வேண்டிய நேரம் சில மணிகளோடு முடிந்துவிடும்.

சுற்று ஐந்து கட்டங்களாகப் பிரிகிறது. சாலை குறுக்கிடும் நான்கு இடங்கள்தான் கட்டங்களின் எல்லை. முதல் கட்டத்தில் ஸ்கிடா, கிரேட் கால்வா, பிளென்காத்ரா என்று மூன்றே மலைகள். ஆனால் மூன்றும் பெரியவை. த்ரெல்கெல்ட் கிராமத்தில் இறங்கியதும் இரண்டாம் கட்டம் கிளஃப் ஹெட் என்ற செங்குத்தான ஏற்றத்தோடு தொடங்கும். அதற்குப் பிறகு ஹெல்வெலின் மலைத்தொடரின் நீண்ட முதுகு, பன்னிரண்டு உச்சிகள். டன்மெயில் ரெய்ஸ் கணவாயிலிருந்து மூன்றாம் கட்டம், பதினைந்து உச்சிகள். சுற்றின் மையமே இதுதான். நான்காவதில் ஒன்பது, ஐந்தாவதில் மூன்று. கடைசி மலையான ராபின்சனிலிருந்து இறங்கியபின் கெஸ்விக் வரை சில மைல்கள் தார்ச்சாலை. மலைகளில் தாக்குப்பிடித்த முழங்கால்கள் அந்தச் சாலையில்தான் முணுமுணுக்கத் தொடங்கும் என்பார்கள்.

மூன்றாம் கட்டத்தின் கடைசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்காஃபெல் பைக், ஸ்காஃபெல் என்ற இரண்டு மலைகளும் அருகருகே நிற்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பாறைச் சுவர். பிராட் ஸ்டாண்ட் என்ற இடத்தில் அந்தப் பாறையில் நேராக ஏறினால் நேரம் மிச்சம். தவறினால் உயிருக்கே ஆபத்து. 1802-இல் கவிஞர் கோல்ரிட்ஜ் தனியாக அந்த வழியில் இறங்கி, தப்பிப் பிழைத்ததைக் கடிதத்தில் எழுதிவைத்தார். இன்றைக்கு ஓடுபவர்களில் பலர், நண்பர்கள் முன்கூட்டியே வந்து கட்டிவைத்த கயிற்றைப் பிடித்து ஏறுகிறார்கள். கயிறு கட்டியவர்கள் அதற்காகப் பல மணி நேரம் குளிரில் அங்கேயே காத்திருப்பார்கள். ஓட்டக்காரர் அங்கே நிற்பது சில நிமிடம்தான்.

ஸ்காஃபெலிலிருந்து வாஸ்டேல் பள்ளத்தாக்குக்கு இறங்கியதும் எதிரே யூபாரோ மலை சுவர்போல் எழுந்து நிற்கும். அதற்குள் முப்பது உச்சிகள் முடிந்திருக்கும், கால்கள் காலியாகியிருக்கும், துணைக்கு வந்தவர்கள் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். சூடான தேநீர், உட்கார நாற்காலி, போர்வை எல்லாம் அங்கே இருக்கும். முயற்சியைக் கைவிடுகிறவர்களில் நிறையப் பேர் கைவிடுவது அந்த வாஸ்டேலில்தான்.

சரி, இதைத் தொடங்கிவைத்த பாப் கிரகாம் யார்? கெஸ்விக்கில் விருந்தினர் விடுதி நடத்தியவர். மது அருந்தாதவர். குள்ளமான, கட்டுக்கோப்பான உடல். 24 மணி நேரத்தில் எத்தனை மலையுச்சிகளுக்குப் போய்த் திரும்ப முடியும் என்ற கேள்வி அவருக்கு முன்பே அந்த ஊர்ப்பக்கம் இருந்தது. ஆர்தர் வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் 1905-இல் ஒரு பெரிய சுற்றை முடித்திருந்தார். பின்னாளில், 1922-இல், எவரெஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் குழுவிலும் அவர் இருந்தார். அவரை அடுத்து யூஸ்டஸ் தாமஸ் என்ற மான்செஸ்டர் பொறியாளர் அந்தக் கணக்கை உயர்த்தினார். கிரகாம் அதையும் தாண்ட நினைத்தார்.

1932 ஜூன் 13, 14 தேதிகளில் அவர் 42 உச்சிகளை 23 மணி 39 நிமிடத்தில் முடித்தார். காலில் டென்னிஸ் ஷூ, இடுப்பில் நீண்ட அரைக்கால் சட்டை, மேலே பைஜாமாச் சட்டை. சாப்பாடு ரொட்டியும் வெண்ணெயும், அரைவேக்காட்டு முட்டை, பழங்கள், இனிப்பு மிட்டாய். வழியை மனப்பாடம் செய்வதற்காக மலைகளில் முன்பே பலமுறை நடந்தபோது, ஷூ தேயாமல் இருக்கட்டும் என்று வெறுங்காலோடு நடந்தார் என்றும் சொல்வார்கள். வயது 42 என்பதால் வயதுக்கு ஒன்றாக 42 மலை ஏறினார் என்ற கதை இன்றும் ஓடுகிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் பிறந்தது 1889-இல். அந்த ஜூனில் அவருக்கு வயது 43.

அந்த நாளில் அவர் தனியாக ஓடவில்லை என்பதைக் கதை சொல்பவர்கள் சில நேரம் விட்டுவிடுகிறார்கள். கட்டத்துக்குக் கட்டம் நண்பர்கள் மாறி மாறி உடன் வந்தார்கள். துணை ஓட்டம் என்ற வழக்கம் அந்த முதல் சுற்றிலேயே இருந்தது.

பிறகு 28 ஆண்டுகள் யாராலும் அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை. ஹாரி கிரிஃபின் என்ற பத்திரிகையாளர் அந்த வட்டாரத்து மலைகளைப் பற்றி எழுதிவந்தார். கிரகாமின் சாதனை முறியடிக்கப்படாமலே கிடக்கிறது என்று அவர் எழுதியது லங்காஷயரில் சிலர் கண்ணில் பட்டது. ஆலன் ஹீட்டன் 1960 ஜூனில் 22 மணி 18 நிமிடத்தில் சுற்றை முடித்தார். அவருடைய சகோதரர் கென் அடுத்த ஆண்டு உச்சிகளின் எண்ணிக்கையை 51 ஆக்கினார். ஆலன் மறுபடி இறங்கி, 1965-இல் அதை 60 ஆக்கினார். கிரகாம் 1966-இல் காலமானார். தன் வழியில் மற்றவர்களும் ஓடத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

1971-இல் பாப் கிரகாம் 24 மணி நேர மன்றம் உருவானது. அதன் பின்னால் இருந்தவர் ஃப்ரெட் ராஜர்சன். பதிவேடு, சாட்சி விதி, நேரக்குறிப்பு அட்டை என்று இந்தச் சுற்றுக்கு ஓர் ஒழுங்கு வந்தது அப்போதுதான். மன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கை இப்போது இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விருந்து வைத்துப் புதியவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். 13 மணி நேரத்தில் முடித்தவருக்கும் 23 மணி 59 நிமிடத்தில் முடித்தவருக்கும் அங்கே ஒரே மரியாதை.

இந்த இடத்தில் துணை ஓட்டக்காரர் என்ன செய்கிறார் என்று விளக்க வேண்டும். சாட்சி சொல்வது அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். முதுகுப் பையில் ஓடுபவரின் தண்ணீர், சாப்பாடு, மழைச்சட்டை, காலுறை எல்லாம் அவரிடம் இருக்கும். மேகம் மூடினால் வரைபடமும் திசைகாட்டியும் பார்த்து வழி சொல்வார். ஓடுபவர் சாப்பிட மறுத்தால் கெஞ்சியோ அதட்டியோ ஊட்டுவார். ஒவ்வோர் உச்சியிலும் நேரத்தை எழுதுவார். அட்டவணையைவிட நாலு நிமிடம் பின்தங்கியிருக்கிறோம் என்பதைச் சொல்வதா மறைப்பதா என்று முடிவெடுப்பதும் அவர்தான். கீழே சாலையோரத்தில் இன்னொரு கூட்டம் அடுப்பு மூட்டிக் கஞ்சி, சூப், தேநீர் என்று காத்திருக்கும். ஒரு சாதாரண முயற்சிக்கே பத்துப் பேருக்கு மேல் தேவைப்படலாம். ஒருவருக்கும் கூலி கிடையாது. இந்த ஆண்டு இவருக்காகப் பை சுமந்தவர் அடுத்த ஆண்டு தான் ஓடும்போது இவரைக் கூப்பிடுவார். பலர் சுற்றை முதலில் தெரிந்துகொள்வதே இன்னொருவருக்குத் துணையாக ஒரு கட்டம் ஓடித்தான்.

வேகத்தின் வரலாற்றில், ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இந்தக் குணம் இன்னும் தெளிவாகத் தெரியும். பாரோடேல் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பில்லி பிளாண்ட் கல்வேலை செய்யும் கொத்தனார். 1982-இல் அவர் 13 மணி 53 நிமிடத்தில் சுற்றை முடித்தார். அதை 36 ஆண்டுகள் யாராலும் நெருங்க முடியவில்லை. 2018 ஜூலை 8 அன்று, உலகத்தின் பெரிய மலை ஓட்டக்காரர்களில் ஒருவரான ஸ்பெயின் நாட்டு கிலியன் ஜோர்னெட் கெஸ்விக்குக்கு வந்தார். முன்கூட்டி விளம்பரம் செய்யவில்லை. அவருக்குத் துணை ஓடியவர்கள் யார்? அந்த வட்டாரத்து ஓட்டக்காரர்கள். தங்கள் மண்ணின் சாதனையை வெளிநாட்டுக்காரர் ஒருவர் முறியடிப்பதற்குத் தாங்களே பை சுமந்து வழி காட்டினார்கள். அவர் 12 மணி 52 நிமிடத்தில் மூட் ஹாலை அடைந்தபோது, கைகொடுக்க அங்கே பில்லி பிளாண்டும் வந்திருந்தார். 2022-இல் அமெரிக்கர் ஜாக் குன்ஸ்லி அதையும் 12 மணி 23 நிமிடமாகக் குறைத்தார்.

ஜாஸ் நெய்லரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. வாஸ்டேலில் ஆடு மேய்த்து வாழ்ந்தவர். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவருக்கு 42 போதவில்லை. 1971-இல் 61 உச்சிகள், 1972-இல் 63, 1975-இல் 23 மணி 20 நிமிடத்தில் 72. அறுபது வயதில் 60 மலைகளை 36 மணி நேரத்தில் முடித்தார். எழுபது வயதில் 70 மலைகளை 21 மணி நேரத்துக்குள் முடித்தார். வயதுக்கு ஒரு மலை என்று கிரகாமைப் பற்றிச் சொன்ன கதை நெய்லர் விஷயத்தில் உண்மையாகவே நடந்திருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே 48 மைல், 30 உச்சிகள் கொண்ட ஒரு தனிச் சவாலையும் அவர் ஏற்படுத்தி வைத்தார். 2024-இல் 88 வயதில் மறைந்தார்.

ஸ்காட்லாந்துக்குப் போவோம். அங்கே மலைகளும் பெரியவை, தனிமையும் பெரிது. 3,000 அடியைத் தாண்டிய ஸ்காட்லாந்து மலைகளுக்கு மன்ரோ என்று பெயர். ஃபிலிப் டிரான்டர் 1964-இல் கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கைச் சுற்றி 18 மன்ரோக்களை ஒரே நாளில் கடந்தார். சார்லி ராம்சே அந்த வட்டத்தைக் கிழக்கே லாக் டிரெய்க் ஏரி வரை நீட்டினார். பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸும் (1,345 மீட்டர்) அதில் அடக்கம். 1978 ஜூலை 8, 9 தேதிகளில் ஓடி, 23 மணி 58 நிமிடத்தில், புறப்பட்ட விடுதியின் வாசலுக்கே வந்து சேர்ந்தார். கையில் மிச்சம் இரண்டு நிமிடம்.

ராம்சே சுற்றில் 24 உச்சிகள்தான். ஆனால் வழியில் வண்டி கொண்டுவந்து நிறுத்திச் சூப் கொடுக்க நல்ல இடம் ஒன்றுதான், ஏரியின் அணைக்கட்டுப் பக்கம். அதைத் தாண்டினால் பாதிச் சுற்றுக்கு மேல் தார்ச்சாலையே கிடையாது. அருகில் இருப்பது கோரூர் ரயில் நிலையம். அதற்கும் பொதுச்சாலை இல்லை, ரயிலில் இறங்கி நடந்துதான் போக வேண்டும். ஆகவே அங்கே துணைக்கு வருகிறவர், நள்ளிரவில் முதுகில் சுமையோடு பல மைல் நடந்து, ஏதோ ஒரு மலைத்தோளில் உட்கார்ந்து, விளக்கொளி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர். ஓடுபவரின் நேரம் பதிவேட்டில் ஏறும். இவருடைய இரவு எந்தப் பதிவிலும் ஏறாது.

வேல்ஸில் பேடி பக்லி சுற்று இருக்கிறது, 47 உச்சிகள். அதை முதலில் ஓடி முடித்தவர் ஒரு பெண், வெண்டி டாட்ஸ், 1982-இல். பாப் கிரகாம் சுற்றை முடித்த முதல் பெண் ஜீன் டாஸ். ஆண்டு 1977, நேரம் 23 மணி 27 நிமிடம். மூன்று நாட்டுச் சுற்றுகளையும் வண்டியில் இடம் மாறி ஒரே மூச்சில் தொடர்ந்து ஓடிய மைக் ஹார்ட்லி, 1990-இல் 3 நாள் 14 மணி 20 நிமிடத்தில் முடித்தார்.

2016-ஆம் ஆண்டு பெண்களுடையது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட யார்க்‌ஷயர் விவசாயி நிக்கி ஸ்பிங்ஸ், நோய் கண்டறியப்பட்டுப் பத்து ஆண்டு நிறைவதை ஒட்டி, பாப் கிரகாம் சுற்றைத் தொடர்ந்து இரண்டு முறை ஓடினார். 45 மணி 30 நிமிடம். அதே ஆண்டு எடின்பரோவின் கால்நடை மருத்துவர் ஜாஸ்மின் பாரிஸ் மூன்று சுற்றுகளையும் தனித்தனியாக ஓடினார். பாப் கிரகாம் 15 மணி 24 நிமிடம். அதுவரை பெண்களின் சிறந்த நேரத்தைவிட இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் குறைவு. ராம்சே சுற்றை 16 மணி 13 நிமிடத்தில் முடித்தபோது ஆண்களின் சாதனையும் 46 நிமிட வித்தியாசத்தில் பின்னால் போனது. அமெரிக்காவின் பார்க்லி மாரத்தானை 2024-இல் முடித்து, அதை முடித்த முதல் பெண் என்று உலகச் செய்திகளில் வந்தவரும் இவரே.

2020-இல் பெருந்தொற்றால் ஓட்டப் பந்தயங்கள் நின்றுபோயின. தயாராக இருந்த கால்களுக்கு வேறு வேலை இல்லை. பூட்டுவதற்குக் கதவில்லாத மலைகள் மட்டும் திறந்திருந்தன. பெத் பாஸ்கல் பாப் கிரகாம் சுற்றில் 14 மணி 34 நிமிடம் ஓடினார். கிம் காலிசன் 24 மணி நேரத்தில் 78 உச்சிகள் என்று நெய்லரின் வரிசையை நீட்டினார். ஃபோர்ட் வில்லியம் ஊர் மருத்துவர் ஃபின்லே வைல்ட், ராம்சே சுற்றை 14 மணி 42 நிமிடத்தில் முடித்தார்.

செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கருவி இன்றைக்கு எல்லார் தோளிலும் இருக்கிறது. ஓடுபவர் எங்கே இருக்கிறார் என்பதை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். அப்படியானால் மனித சாட்சி எதற்கு என்று கேட்கலாம். கருவி இடத்தைச் சொல்லும், நேரத்தைச் சொல்லும். எப்படி வந்தார் என்று சொல்லாது. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு அதே 2020-இல் ஓர் உதாரணம் கிடைத்தது.

லேக் டிஸ்ட்ரிக்டில் வெயின்ரைட்கள் என்று அழைக்கப்படும் 214 மலைகள் உண்டு. ஆல்பிரட் வெயின்ரைட் தன் வழிகாட்டி நூல்களில் எழுதிய மலைகள் அவை. அத்தனையையும் ஒரே தொடர் ஓட்டமாக முடிக்கக் கால்நடை மருத்துவர் சப்ரினா வெர்ஜி 2020 கோடையில் இறங்கினார். முழங்கால் கெட்டுப்போயிற்று. இறக்கங்களில் துணை வந்தவர்களைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஏழு நாட்களுக்குள் 214-ஐயும் முடித்துவிட்டார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அதைச் செய்ததில்லை. கருவியின் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிறர் உடம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை அவரே வெளியில் சொல்லி, இதைச் சாதனையாகப் பதிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ஜூனில் மறுபடி மூட் ஹாலிலிருந்து புறப்பட்டார். இந்த முறையும் கட்டத்துக்குக் கட்டம் துணை ஓட்டக்காரர்கள் வந்தார்கள். பை சுமந்தார்கள், வழி சொன்னார்கள், சோறு போட்டார்கள். 5 நாள் 23 மணி 49 நிமிடம். ஆறு நாளுக்குள் முடித்த முதல் மனிதர் என்று அவர் பெயர் பதிவாயிற்று. 2022-இல் அமெரிக்கர் ஜான் கெல்லி அதை 5 நாள் 12 மணி 14 நிமிடமாகக் குறைத்தார். அவருக்கும் துணைக்கு ஆள் இருந்தது.